கேப் துப்பாக்கி சேகரிப்பு: பர்ஸுக்கு முன் காந்தம்

தீபாவளிக்கு ரோல் கேப் மாட்டிச் சுட்ட துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? அதன் அமெரிக்கத் தாத்தாக்களைத் தேடி வாங்கும் பைத்தியங்களில் நானும் ஒருவன். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பர்ஸை எடுக்கும் முன் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுங்கள் என்பதுதான்.

காலத்தை முடிவு செய்யுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஸ்டீவன்ஸ், கில்கோர், ஹப்ளி போன்ற கம்பெனிகள் வார்ப்பிரும்பில் செய்தன. போர் வந்ததும் இரும்பு ராணுவத்துக்குப் போனது, பொம்மை நின்றது. பிறகு வந்தவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை. 1949-ல் சினிமா கவ்பாய் நாயகன் ஹாபலாங் காசிடி தொலைக்காட்சிக்கு வர, அமெரிக்கப் பையன்களுக்குக் கவ்பாய் பித்துப் பிடித்தது. துப்பாக்கி, தோல் உறை, பெல்ட், சாப்பாட்டு டப்பா வரை ராய் ராஜர்ஸ், ஜீன் ஆட்ரி போன்ற கவ்பாய் நடிகர்களின் பெயரோடு கடைக்கு வந்தன. 1950-களின் துப்பாக்கிகளிலிருந்தே தொடங்குங்கள். நிறையக் கிடைக்கும். நட்சத்திரப் பெயர் இல்லாததை வாங்கினால் கையும் கடிக்காது.

காந்தம். குழலின் மேல் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. திருகு, ஸ்ப்ரிங் பக்கம் வைத்தால் துத்தநாகத் துப்பாக்கியிலும் ஒட்டும், ஏமாறாதீர்கள். ‘போருக்கு முந்தைய வார்ப்பிரும்பு’ என்று சொல்லி விற்பதன் குழலில் ஒட்டவில்லையா? சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

குழல் வாய். அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பொம்மைத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு முனை கட்டாயமானது. அந்த அடைப்பு இருந்தால் பெரும்பாலும் பிற்காலச் சரக்கு. இல்லாததாலேயே பழசு என்று நம்பவும் வேண்டாம், யாராவது பிடுங்கியிருப்பார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். கடைக்காரரைக் கேட்டுவிட்டு விசையை ஒருமுறை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே ஸ்ப்ரிங் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் வெளிச்சத்தில் திருப்பி விரிசல், பசைத் தடம் தேடுங்கள். துத்தநாகம் உடைந்தால் சரியாக ஒட்டவைப்பது பெரும்பாடு. நிக்கல்ஸ் கம்பெனியின் ஸ்டாலியன் 45 கிடைத்தால் தோட்டாக்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு, நடுவில் வட்டக் கேப் வைக்க வேண்டும், மொத்தம் ஆறு. எந்தப் பையன்தான் ஆறையும் பத்திரமாக வைத்திருந்தான்!

வீட்டில். வெடித்த கேப்பின் கரி ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஒரு சொட்டு லேசான எண்ணெய் போதும். பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். என் முதல் துப்பாக்கியைப் பளபளக்க வைக்கிறேன் பேர்வழி என்று அரை மணி நேரம் தேய்த்தேன். அழுக்கோடு நிக்கல் பூச்சும் போய், சாம்பல் நிறத்தில் பல்லிளித்தது. தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். தோலில் இருக்கும் அமிலம் பூச்சைத் தின்றுவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

பெட்டியோடு பழைய கேப் சுருளும் வந்தால் ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். சிவப்பு பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்த மருந்து அது, உரசினாலே வெடிக்கும். சுருளைப் பிரிக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், துப்பாக்கியிலிருந்து தள்ளியே வையுங்கள்.