பழைய எலெக்ட்ரிக் கிதாரைத் தேர்ந்து சீரமைத்தல்

பிறர் வாசித்த எலெக்ட்ரிக் கிதாரை வாங்கச் செல்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பளபளப்பு அன்று, கழுத்தே. கழுத்தின் நீளவாக்கில் ஒரு கண்ணால் நோக்கினால் அது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். முறுக்கத்தை ட்ரஸ் ராடால் (கழுத்தினுள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) நேராக்க இயலாது என்பதால், விலை எவ்வளவு குறைந்தாலும் அத்தகைய கிதாரை விட்டுவிடுவதே நல்லது. கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் ஆழமாகத் தேய்ந்திருந்தால், மாற்றும் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வால்யூம் குமிழின் கரகரப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. கான்டாக்ட் கிளீனர் பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும், பேரம் பேசவும் அது உதவும். புதியவர்கள் ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜை, அதாவது கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கி ஸ்பிரிங்குகளின் விசையில் அசையும் அமைப்பை, தவிர்க்கலாம். அதில் ஒரு தந்தியின் இழுவிசை மாறினால் மற்ற ஐந்தின் சுருதியும் குலையும்.

சீரமைப்பைப் புதிய தந்திகளை மாட்டிச் சுருதி சேர்த்த பின்னரே தொடங்க வேண்டும். மிகத் தடித்த ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தினால், எட்டாம் ஃப்ரெட்டின் மேல் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கூடுதலாக இருப்பின் ட்ரஸ் ராடை இறுக்கலாம், ஆனால் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அடுத்து, 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை 1.6 முதல் 2 மில்லிமீட்டருக்குள் அமையுங்கள்.

இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுவதும் சுரங்கள் சரியாக ஒலிக்கச் செய்வது, கடைசியில்தான். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் சுரம், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட உயர்ந்து ஒலித்தால், பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னே நகர்த்த வேண்டும். தாழ்ந்து ஒலித்தால் முன்னே. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் சுருதியை மீண்டும் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.