எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள் வாங்க ஆசையா? முதலில் விசாவைப் பாருங்கள்

அமெரிக்கா வந்து கொஞ்ச நாளில் ஆபீஸில் யாராவது ஒருவர் "சனிக்கிழமை ரேஞ்சுக்கு வர்றியா" என்று துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குக் கூப்பிடுவார். டெக்ஸஸ், ஜார்ஜியா பக்கம் என்றால் கட்டாயம் கூப்பிடுவார். நம்மில் பலருக்கு என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 சுட்டதோடு துப்பாக்கி அனுபவம் முடிந்திருக்கும், அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டில் என்ன விசா ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 (படிப்பு முடிந்து ஓபிடி என்ற வேலைப் பயிற்சியில் இருப்பவர்களும் இதில்தான்), ஜே-1 என்று குடியேறாதவர் விசாவில் வந்த யாரும் துப்பாக்கியையோ ஒரே ஒரு தோட்டாவையோ கூட வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுக்கச் செல்லும் மத்திய அரசுச் சட்டம். விலைக்கு வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். ரேஞ்சில் நண்பர் நீட்டும் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டாலும், வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அதுவும் வைத்திருந்த கணக்குதான். "ரேஞ்சில் யாரும் விசாவைக் கேட்கவே இல்லையே" என்பார்கள். கேட்காமல் விட்டால் தப்பில்லை என்று ஆகாது. 2022-க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஜாலிக்காக கிரீன் கார்டு வரிசையையே இழக்க வேண்டுமா?

சரி, வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. மான் சுடப் போயே ஆக வேண்டும் என்பதில்லை, உரிமம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மீன்பிடி உரிமம் செல்லாது. பல மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் உரிமம் தருவார்கள், அந்த வகுப்பு எப்படியும் நல்லது, துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்று அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள். இன்னொன்று, வேலை போய், வேறு வேலை தேடத் தரும் 60 நாள் கெடுவும் தாண்டி, ஸ்டேட்டஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் வேட்டை உரிமமும் காப்பாற்றாது. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் வாட்ஸப் குழுவில் கேட்காமல் வக்கீலிடம் கேளுங்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் ஃபெடரல் சட்டப்படி கடையில் வாங்கத் தடையில்லை. 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், அடிக்கடி அபார்ட்மென்ட் மாற்றும் நம் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். கஞ்சா பற்றிய கேள்வியை நிதானமாகப் படியுங்கள், உங்கள் மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் ஃபெடரல் சட்டத்தில் இல்லை என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். விசாவில் இருக்கும் மச்சானுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம், அது தனிக் குற்றம். இதற்கு மேல் மாநிலச் சட்டம் வேறு: நியூ ஜெர்சியில் வாங்குவதற்கென்று அடையாள அட்டை, இலினாயில் துப்பாக்கி வைத்திருப்பதற்கென்று எஃப்ஓஐடி அட்டை, கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு.

இனி ரைஃபிளுக்கு வருவோம். பழைய ராணுவத் துப்பாக்கிகளில் பலவும் நம் ஊர் போலீஸ் வைத்திருந்த த்ரீ-நாட்-த்ரீ மாதிரி, ஒவ்வொரு முறையும் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் துண்டை) இழுத்துத் தள்ளிச் சுட வேண்டியவை. எம்1 காரண்ட் அப்படியில்லை. டிரிகரை (விசையை) அழுத்த அழுத்த உள்ளே இருக்கும் எட்டுத் தோட்டாவும் போகும். இதை வடிவமைத்த ஜான் காரண்ட் கனடாவின் கியூபெக்கில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவர். 1936-ல் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது, மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றும் கிடைக்கிறது.

வாங்க நல்ல இடம் சிஎம்பி, அதாவது சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம். ராணுவத்திடமிருந்து வந்த காரண்டுகளைச் சோதித்துத் தரம் பிரித்து விற்கிறார்கள், அலபாமாவின் ஆனிஸ்டனிலும் ஒஹாயோவின் கேம்ப் பெரியிலும் கடை உண்டு. ஆனால் அங்கே கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். அவர்களோடு இணைந்த ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும், காரண்ட் கலெக்டர்ஸ் அசோசியேஷன் சந்தா கட்டினாலே அது முடிந்துவிடும். குடியுரிமை வராதவர்கள் உள்ளூர்த் துப்பாக்கிக் கடையில்தான் பார்க்க வேண்டும். அங்கே உங்கள் கண்தான் உங்களுக்குக் காவல்.

மரக்கட்டையின் பளபளப்பில் மயங்காதீர்கள். கட்டையில் கீறல், பள்ளம், எண்ணெய்க் கறை இருந்தால் பரவாயில்லை, பேரல் என்ற குழல்தான் முக்கியம். தோட்டா நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கத் தனித்தனி கேஜ் (அளவுகோல்) உண்டு. அது காட்டும் எண் சின்னதாக இருக்க இருக்க நல்லது. கேஜ் போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் நான் வாங்க மாட்டேன். அப்புறம் ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் நடுப்பகுதி. ராணுவம் வெட்டிக் கழித்த ரிசீவர் துண்டுகளை ஒட்டவைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. வெல்டிங் வைத்த தடம், ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறிய உலோகம் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

தோட்டாவில் சிக்கனம் பார்க்காதீர்கள். இது .30-06 சுடும். அதே அளவில் வேட்டைக்கென்று விற்கும் தோட்டாக்கள் பல இந்தத் துப்பாக்கிக்குக் காரம் அதிகம், போல்ட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் நீளமான ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடக் கூடும். பெட்டியின் மேலேயே எம்1 காரண்ட் என்று போட்ட 150 கிரெயின் (குண்டின் எடை) தோட்டாவை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய ராணுவத் தோட்டாக்களில் துரு பிடிக்க வைக்கும் பிரைமர் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) இருக்கலாம், அதைச் சுட்டால் அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும்.

இப்போது கட்டைவிரல் விஷயம். எட்டுத் தோட்டாக்களும் ஒரு இரும்பு கிளிப்பில் செருகியிருக்கும், கிளிப்போடு சேர்த்து மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். அது அடியில் போய் உட்கார்ந்ததும் போல்ட் எலிப்பொறி மாதிரி முன்னால் பாயும். விரல் அங்கே இருந்தால் நகம் கறுத்துவிடும். வலது கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தால் ஆபரேட்டிங் ராடின் கைப்பிடியைப் பின்னால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் கிளிப்பை அழுத்தி, விரலை மேலே எடுத்த பிறகு கைப்பிடியை விடுங்கள். காலித் துப்பாக்கியைத் துடைக்கும்போது அடிபட்டவர்களும் நிறைய, போல்ட் முழுக்கப் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டதா என்று பார்க்காமல் உள்ளே விரல் விடாதீர்கள். ஒற்றைத் தோட்டாவை சேம்பருக்குள் (பேரலில் தோட்டா உட்காரும் குழிக்குள்) போட்டுவிட்டு போல்ட்டை ஓங்கி விடுவதும் வேண்டாம், டிரிகர் தொடாமலே வெடிக்கக்கூடும்.

சேஃப்டி என்ற பூட்டு, டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தின் (டிரிகர் கார்ட்) முன்பக்கம் இருக்கிறது. உள்பக்கம் இழுத்தால் பூட்டு, முன்னால் தள்ளினால் சுடும். எடை 4 கிலோவுக்கு மேல் என்பதால் உதை தாங்கக்கூடியதுதான், கட்டையைத் தோளில் நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும். காதுக்குப் பஞ்சடைப்பான், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். கழுத்து மூடிய சட்டை நல்லது, சுட்டுக் காலியான சூடான தோட்டா ஓடு பக்கத்து மேஜையிலிருந்து பறந்து காலருக்குள் விழுந்தால் தோல் பொசுங்கும். எட்டாவது தோட்டா போனதும் காலி கிளிப் 'டிங்' என்று தானாக வெளியே எகிறும், போல்ட் திறந்தே நிற்கும். பாதியில் "சீஸ் ஃபயர்" (சுடுவதை நிறுத்து) என்று கத்தினால் விரலை எடுங்கள், சேஃப்டி போடுங்கள், அப்புறம் ரேஞ்ச் அதிகாரி சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பீரோ மேல் வைப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. பூட்டும் சேஃப் ஒன்று, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. மிஷிகன் போன்ற மாநிலங்களில் சிறுவர்கள் இருக்கும் வீட்டில் பூட்டி வைப்பது சட்டமே.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைத் தயவுசெய்து ஊருக்குப் போகும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் தையல் மடிப்பில் ஒரு தோட்டா ஒளிந்திருந்தால் போதும். இங்கே விமான நிலையச் சோதனையில் தப்பினாலும் சென்னையிலோ திருச்சியிலோ எக்ஸ்ரேயில் பிடிபட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்துவிட்டது என்று நிரூபிக்க கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், அதற்குள் உங்கள் லீவும் முடிந்திருக்கும்.