மகோமேயிலிருந்து ட்சுமகோவுக்கு: ஜப்பானின் பழைய பெருவழி ஊர்களை நடந்து பார்க்கும் முறை

எடோ எனப்பட்ட இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலைகளினூடே இணைத்த நகசெண்டோ பெருவழி சுமார் 530 கிலோமீட்டர் நீளமுடையது; அதன் வழியில் 69 ஊர்கள் ‘ஷுகுபா’ என்ற பெயரில் பயணிகளுக்காக இயங்கின. இச்சொல்லைச் சத்திரம் என்று தமிழில் சொல்லத் தோன்றும். ஆனால் சத்திரம் என்றால் நமக்குக் காசு வாங்காமல் சோறிடும் இடமே நினைவுக்கு வரும். இங்கோ சாதாரணப் பயணி படுக்கைக்கும் உணவுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். மேலும், தங்க வைப்பது இவ்வூர்களின் பாதி வேலைதான். முந்தைய ஊரிலிருந்து வந்த சுமையை இறக்கி, புதிய குதிரையிலும் புதிய ஆளின் தோளிலும் ஏற்றி, அடுத்த ஊர் வரை கொண்டு சேர்ப்பதே அரசு இவ்வூரார்மீது சுமத்திய முதற்கடமை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு போனால், அழகான மரவீடுகளின் வரிசையாகத் தெரியும் தெரு, ஒரு போக்குவரத்து அலுவலகமாகத் தெரியத் தொடங்கும்.

முதன்முறை செல்பவர்களுக்குக் கிசோ பள்ளத்தாக்கில் உள்ள மகோமேயிலிருந்து ட்சுமகோ வரையிலான சுமார் 8 கிலோமீட்டர் பாதையே ஏற்றது. நகோயாவிலிருந்து ரயிலில் நகட்சுகவா சென்று, அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் மகோமேயை அடையலாம். மகோமேயிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள கணவாய்க்கு அங்கிருந்து ஏற வேண்டியது 200 மீட்டர்தான், ட்சுமகோவிலிருந்து வந்தாலோ கிட்டத்தட்ட இரு மடங்கு. மூன்று மணி நேரம் போதும். பெட்டிகளை இரு ஊர்களுக்குமிடையே கொண்டு சேர்க்கும் சேவை குறிப்பிட்ட மாதங்களில் நடைபெறுவதால், போகும் நாளில் அது உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மகோமேயின் கல் பாவிய தெரு செங்குத்தானது. வழுக்காத காலணி வேண்டும். இவ்வூர் 1895இல் பெருந்தீக்கு இரையானது என்பதால், இங்கே காணும் கட்டடங்கள் பின்னாளில் எழுந்தவை. எனவே நேரத்தை ட்சுமகோவுக்கு மிச்சம் வையுங்கள். தெருவோரக் கடையில், வால்நட், எள், மிசோ என்ற புளித்த சோயா விழுது ஆகியவை சேர்ந்த கலவையைப் பூசித் தணலில் வாட்டிய ‘கொஹேமொச்சி’ என்ற சோற்றுருண்டையை உண்டுவிட்டு ஏறுங்கள். காட்டுப் பாதையில் ஆங்காங்கே கரடியை எச்சரிக்கும் மணிகள் தொங்கும், கூச்சப்படாமல் அடியுங்கள். கணவாயைத் தாண்டியதும் வரும் பழைய தேநீர்க் குடிலில் இளைப்பாறலாம்.

ட்சுமகோவில் நுழைந்ததும் நான்கைத் தேடுங்கள். முதலாவது, அரசாணைகளை எழுதி உயரத்தில் மாட்டிய ‘கோசத்சுபா’ அறிவிப்புப் பலகை. இரண்டாவது, தெரு திடீரெனச் செங்கோணத்தில் இருமுறை மடங்கும் ‘மசுகத்தா’. படை நேராகப் பாய்ந்து வருவதைத் தடுக்கவே இந்த மடிப்பு. மூன்றாவது, நிலப்பிரபுக்கள், அரசு அதிகாரிகள் போன்ற உயர்நிலையினர் மட்டுமே தங்கிய ‘ஹொன்ஜின்’, அதற்கு மாற்றிடமான ‘வாக்கி-ஹொன்ஜின்’. நான்காவது, பொதுமக்கள் உண்டு உறங்கிய ‘ஹதாகோ’ விடுதிகள். மேல்தளம் தெருப்பக்கம் சற்றே நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அரிசியைத் தாமே சமைத்து விறகுக்கு மட்டும் காசு கொடுத்த ஏழைப் பயணிகளுக்கு இதனினும் எளிய தங்குமிடங்கள் இருந்தன.

சுமை மாற்றும் பணியை ‘தொயியா’ என்ற பொறுப்பாளர் நடத்தினார். பல ஊர்களில் ஹொன்ஜின் குடும்பத்தாரே அதையும் ஏற்றனர். நகசெண்டோ ஊர் ஒவ்வொன்றும் 50 ஆட்களையும் 50 குதிரைகளையும் ஆயத்தமாக வைக்க வேண்டும் என்பது விதி. வறிய மலைப்பகுதியான கிசோவுக்கு அது 25 என்று தளர்த்தப்பட்டது. அதுவும் போதாத நாளில் சுற்றுக் கிராமங்கள் ஆளும் குதிரையும் அனுப்ப வேண்டும். 1635 முதல் நிலப்பிரபுக்கள் எடோவுக்கு முறைவைத்துச் சென்று தங்குவது கட்டாயமானதால், இந்தச் சுமை உழவர்களின் வயல்வேலை நாட்களைத் தின்றது. 1861இல் இளவரசி கஸுநோமியா, ஷோகுன் எனப்பட்ட படைத்தலைமை ஆட்சியாளரை மணக்க இவ்வழியே சென்றபோது, வழியெங்கும் எவ்வளவு ஆட்கள் திரட்டப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரமுண்டு என்றால் வாக்கி-ஹொன்ஜினையே தேர்ந்தெடுப்பேன். ஹொன்ஜின் 1995இல் மீண்டும் கட்டப்பட்டது. இதுவோ 1877இல் ஹினோக்கி என்ற சைப்ரஸ் வகை மரத்தால் எழுந்தது. பொதுமக்கள் ஹினோக்கியை வெட்டக் கிசோவில் முன்பு கடுந்தடை இருந்தது என்பதை அறிந்து பார்த்தால், கருமை ஏறிய அந்தத் தூண்களில் வீட்டுக்காரரின் பெருமிதம் புலப்படும். நடுக்கூடத்துக் கணப்பின் புகையில், மரச்சட்டச் சன்னல் வழியே நுழையும் குளிர்கால வெயில் கோடு கோடாக நிற்கும்.

இத்தெரு தானாகப் பிழைத்ததன்று. ரயில் வந்தபின் ஆளரவமற்றுப்போன ஊரை 1968 முதல் சீரமைத்து, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊரார் உறுதி பூண்டனர். பல வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்வதால் வாசலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். மாலை 5 மணிக்குள் கடைகள் மூடிவிடும். இரவு தங்குவதானால் உணவோடு சேர்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்புவதற்கு நகிசோ ரயில் நிலையம் பேருந்தில் பத்து நிமிடம், நடந்தால் ஒரு மணி நேரம். விரைவு ரயில்கள் அங்கே அரிதாகவே நிற்கும் என்பதால், கால அட்டவணையைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.