ஆட்டு டெண்டான் டெஸ்ட்ல ரீடிங் மாறி மாறி வந்தது, எப்படி சரியாச்சு (என் அனுபவம்)

மூணு நாள் போச்சு, அதனால எழுதி வெக்கிறேன். காலேஜ் ப்ராஜக்ட்டுக்கு ஆட்டு டெண்டான் (தசைய எலும்போட சேக்கற நாண்) எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீளுதுன்னு இழுத்துப் பாக்கணும், புளியந்தோப்புல தெரிஞ்ச கறிக்கடை பாய் "கால் நரம்பு தானே தம்பி, எடுத்துக்கோ"ன்னு வெட்டித் தந்துடுவாரு. பிரச்சனை என்னன்னா ஒரே ஆட்டோட ரெண்டு கால்ல எடுத்த பீஸ், ஒண்ணு கம்பி மாதிரி விறைப்பா, இன்னொண்ணு தொளதொளன்னு, கிராஃப் ஒத்தே போகல.

கிரிப்புல வழுக்குதுன்னு நெனச்சு உப்புத்தாள் வெச்சேன், வழுக்கல் நின்னுச்சு, வித்தியாசம் அப்படியே. விசைய அளக்கற சென்சார் (லோட் செல்) தப்பா காட்டுதோன்னு அதுல தெரிஞ்ச எடை தொங்கவிட்டுப் பாத்தேன், சரியா தான் காட்டுச்சு.

அப்புறம் தான் கவனிச்சேன், விறைப்பா வந்ததெல்லாம் ஃபேனுக்கு கீழ வெர்னியர் வெச்சு அளக்கறப்போ காஞ்சது, தொளதொள பீஸெல்லாம் ராத்திரி பூரா குழாத்தண்ணில ஊறினது. டெண்டான் எடைல பாதிக்கு மேல தண்ணி, மிச்சத்துல பெரும்பங்கு டைப் 1 கொலாஜன்ங்கற நார்ப் புரதம், நடுவுல கொஞ்சூண்டு இருக்கற ப்ரோட்டியோகிளைக்கன் (சர்க்கரைச் சங்கிலி ஒட்டின புரதம்) தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்கும், வெறும் தண்ணில போட்டா உப்பி குறுக்குப் பரப்பு ஏறிடும், ஸ்ட்ரெஸ் (விசைய அந்தப் பரப்பால வகுத்தது) கம்மியா வரும்.

மெடிக்கல்ல 0.9% சலைன் (உப்புத்தண்ணி) வாங்கி துணிய நனைச்சு சுத்தி வெச்சேன், முக்கல, அளவெடுக்க மட்டும் ஒரு நிமிஷம் பிரிச்சேன். 10 தடவ லேசா இழுத்து விட்டுட்டு தான் ரீடிங். ஆரம்பத்துல கர்வ் மெதுவா ஏறுறத தப்புன்னு வெட்டிடாதீங்க, அது கொலாஜன் நாரோட நெளிவு நிமிர்றது. அஞ்சு பீஸும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு, அப்பாடா.