எம்.பி.பி.எஸ். முடித்தபின் முதுநிலைப் பயிற்சி: பெங்களூருத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் எம்.பி.பி.எஸ். முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் தமிழ் மாணவர்களோடு பேசும்போது, அவர்களுடைய கேள்விகள் பெரும்பாலும் முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் எத்தனை மதிப்பெண் எடுக்க வேண்டும் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. மதிப்பெண் முக்கியம்தான். ஆயினும் ஏறத்தாழ ஒரே ரேங்கில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு நல்ல மருத்துவமனையில் இடம் அமைவதும் மற்றவருக்குக் கைநழுவிப் போவதும், சான்றிதழ்களையும், ரேங்க் வரிசையில் இடம் ஒதுக்கும் கவுன்சலிங்கின் விதிகளையும், விருப்பப் பட்டியலையும் அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. தேர்வுக்குப் படிக்கும் முறையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கடைசி வாரம்வரை தள்ளிப்போடப்படும் இந்த வேலைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதுநிலைக்குள் நுழைய இரண்டு தேர்வுகள் உள்ளன. தேசியத் தேர்வுகள் வாரியம் நடத்தும் நீட் பிஜி தேர்வில் 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும். மூன்றரை மணி நேரத் தேர்வு 2024 முதல் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடங்கள் தரப்படுகின்றன. ஒரு பகுதியின் நேரம் முடிந்துவிட்டால் அதற்குத் திரும்ப முடியாது என்பதால், கடினமான கேள்விகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கத்தை மாதிரித் தேர்வுகளிலேயே கைவிட வேண்டும். 2025-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி இத்தேர்வு ஆகஸ்ட் 3 அன்று ஒரே ஷிப்டில் நடந்தது. மற்றொன்று, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கான ஐ.என்.ஐ. செட். டெல்லி எய்ம்ஸ் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இத்தேர்வின் வழியாகத்தான் எய்ம்ஸ் நிறுவனங்களிலும், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., நமது ஊரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆகியவற்றிலும் சேர முடியும். மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்க ஆசைப்படும் பெங்களூரு மாணவர் நீட் பிஜிக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு இருந்தால், ஓசூர் சாலையில் இருக்கும் நிறுவனத்தின் கதவு அவருக்கு மூடியே இருக்கும்.

பட்டங்களைப் பொறுத்தவரை எம்.டி., எம்.எஸ். ஆகியவை மூன்றாண்டுப் படிப்புகள். தேசியத் தேர்வுகள் வாரியம் தரும் டி.என்.பி. பட்டமும் மூன்றாண்டுதான்; எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்கு இணையானதாக அது ஏற்கப்படுகிறது. நாராயணா ஹிருதயாலயா, மணிப்பால் போன்ற பெரிய தனியார் மருத்துவமனைகளில் டி.என்.பி. பயில முடியும், தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. டி.என்.பி.யின் இறுதித் தேர்வு கடுமையானது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்கு அஞ்சி நல்ல மருத்துவமனையை ஒதுக்குவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. தேசியத் தேர்வுகள் வாரியம் குடும்ப மருத்துவம், மயக்கவியல், குழந்தை மருத்துவம் உள்ளிட்ட சில துறைகளில் இரண்டாண்டு டிப்ளமோவும் நடத்துகிறது; டிப்ளமோ முடித்தவர் தனி நுழைவுத் தேர்வெழுதி இரண்டாண்டில் டி.என்.பி. பெறலாம்.

இனி கவுன்சலிங். மாநில அரசுக் கல்லூரி இடங்களில் பாதி (இதுவே அகில இந்திய ஒதுக்கீடு), நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்கள், டி.என்.பி. இடங்கள் ஆகியவற்றை மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு, அதாவது எம்.சி.சி., நிரப்புகிறது. கர்நாடக அரசுக் கல்லூரிகளின் மீதிப் பாதியையும் தனியார் கல்லூரி இடங்களையும் மல்லேஸ்வரத்தில் உள்ள கர்நாடகத் தேர்வுகள் ஆணையம், அதாவது கே.இ.ஏ., கவனிக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எம்.சி.சி.யின் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப் பிரிவினர் 25,000 ரூபாயும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம் ரூபாயும் வைப்புத்தொகையாகக் கட்டுகிறார்கள். விதியை மீறாதவருக்கு அந்தத் தொகை திரும்பக் கிடைத்துவிடும்.

வீடு பெங்களூரில், பூர்வீகம் தமிழ்நாட்டில் என்று இருப்பவர்கள் ஒரு தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். முதுநிலை மருத்துவ இடங்களில் மாநிலத்தில் வசிப்பதை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மாநிலக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தருவதை அது அனுமதித்தது. எனவே எந்த ஊர்க்காரர் என்பதைவிட எங்கே எம்.பி.பி.எஸ். படித்தீர்கள் என்ற கேள்வியே இப்போது எடை மிக்கது. கர்நாடகம், தமிழ்நாடு இரண்டின் அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டையும் நீங்களே முழுமையாகப் படியுங்கள். சீனியர் வாட்ஸாப்பில் அனுப்பிய போன ஆண்டுச் சுருக்கம் இதற்குப் போதாது.

நம் குடும்பங்கள் மிகுதியாகத் தடுமாறுவது சாதிச் சான்றிதழில்தான். அல்சூரிலோ ஶ்ரீராமபுரத்திலோ இரண்டு தலைமுறையாக வாழும் குடும்பத்தின் பீரோவில், தமிழ்நாட்டு வட்டாட்சியர் தந்த பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் பத்திரமாக இருக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டில் அந்தச் சான்றிதழ் அப்படியே செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்தோர் பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்டுப் பெற்றதாகவும் இருக்க வேண்டும். கர்நாடகத்தின் 2ஏ, 3பி போன்ற பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகள் அந்த மாநிலத்தின் பட்டியலைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி அவற்றைக் கோர முடியாது. பட்டியல் சாதியினரும் தந்தையின் சொந்த மாநிலம் எது, சான்றிதழ் எங்கே வாங்கியது என்பதை முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வருவாய்த்துறை அலுவலகத்தில் இவற்றைப் பெற நாளாகும் என்பதால், இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே தொடங்கிவிடுங்கள். பெயரின் இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தால் அதையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்; தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நேரும் சிக்கல்.

விருப்பப் பட்டியலை நிரப்புவதில் ஒரே ஒரு கொள்கையை மனத்தில் வைத்தால் போதும். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் ரேங்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத் தருகிறது. ஆகவே எட்டாத இடத்தை மேலே போடுவதால் எந்த இழப்பும் இல்லை. விரும்பாத இடத்தைக் கீழே போடுவதில்தான் ஆபத்து. ஒரு மாணவிக்கு முதல் சுற்றில் பெங்களூரு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் மேம்படுத்திக்கொள்ள விருப்பம் தெரிவித்து, பட்டியல் நீளமாக இருக்கட்டுமே என்று தொலைதூரக் கல்லூரி ஒன்றின் பொது மருத்துவத்தையும் சேர்க்கிறார். அந்த இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால் மயக்கவியல் இடம் உடனே வேறொருவருக்குப் போய்விடும். எனக்குப் பழையதே போதும் என்று பிறகு சொல்ல வழியில்லை. முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விடலாம். இரண்டாம் சுற்றுமுதல் சேராமல் விட்டால் வைப்புத்தொகை போகும். இதற்கெல்லாம் வெளியே, சீட் வாங்கித் தருகிறேன் என்று தொலைபேசியில் பேசும் தரகர்களிடம் பெற்றோர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். முதுநிலைச் சேர்க்கை முழுவதும் கவுன்சலிங் வழியாகத்தான் நடைபெற வேண்டும் என்பதே விதி.

பட்டியலை நிரப்புமுன் அந்த மருத்துவமனையின் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் (முதுநிலைப் பயிற்சி மருத்துவர்) ஒருவரைத் தேடிப் பிடித்து, டியூட்டி முடிந்து கேன்டீனில் உட்காரும் நேரத்தில் பேசுங்கள். துறை நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்ற பதிலே வரும். கடந்த மாதம் நீங்களே கத்தி பிடித்துச் செய்த அறுவை சிகிச்சைகள் எவை, இரவு டியூட்டியில் சந்தேகம் வந்தால் எந்த மூத்தவர் நேரில் வருவார், ஸ்டைபெண்ட் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, தீசிஸ் (ஆய்வேடு) வழிகாட்டி எத்தனை முறை அதைப் படித்துப் பார்த்தார் என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன் ஏற்படும் தயக்கமே பலவற்றைச் சொல்லிவிடும். நோயாளிகளின் எண்ணிக்கையும் முக்கியம். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை, நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். கன்னடமும் தமிழும் சரளமாகப் பேசும் ரெசிடென்ட் அங்கே நோய்க்குறிப்பு எடுக்கும்போது, மொழிபெயர்ப்பவர் இல்லாமலேயே நோயாளி தன் வேதனையை முழுதாகச் சொல்கிறார். இந்த ஊரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய பலம், அதை அவர்கள் உணர்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சேர்ந்தபின் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகள் உங்களுக்குப் பொருந்தும். மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். ஆராய்ச்சி முறையியல் படிப்பையும் தீசிஸையும் முடித்தாக வேண்டும், 80 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பும், பணிச்சூழல் இடமளித்தால் வாரம் ஒரு நாள் ஓய்வும் அதே விதிகளில் எழுதப்பட்டுள்ளன. அவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதல் சுற்றுகளில் இடம் கிடைக்காதவர்கள் கடைசிச் சுற்றுவரை பதிவைக் கைவிடக் கூடாது. இடங்கள் காலியாக நின்றதால் 2023-இல் தகுதி அளவு பூஜ்ஜியம் பெர்சென்டைல்வரை, அதாவது தேர்வெழுதிய எல்லோரும் தகுதி பெறும் அளவுக்கு, குறைக்கப்பட்டது. ஆனால் மிஞ்சிய இடங்களை நிரப்பும் கடைசி ஸ்ட்ரே சுற்றில் இடம் கிடைத்தும் சேராவிட்டால் அடுத்த தேர்வை எழுதத் தடை வரும் என்பதால், உண்மையிலேயே படிக்க விரும்பும் இடங்களை மட்டுமே அதில் நிரப்ப வேண்டும். மறு ஆண்டு எழுத முடிவெடுத்தால், முழுநேரக் கோச்சிங்கில் மட்டும் அடைந்துகிடக்காமல், படிக்க நேரம் விடும் ஒரு ஜூனியர் ரெசிடென்ட் பணியில் இருப்பது கையின் பழக்கத்தைக் காக்கும் என்று நினைக்கிறேன். வெளிநாடு செல்வோர் அந்தந்த நாட்டுத் தேர்வுகளுக்குத் தனியாகத் திட்டமிட வேண்டும், அமெரிக்காவின் மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டம் 2022 முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது என்பதால், அடுத்த கட்டத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு எடை கூடியிருக்கிறது.

சேர்க்கை நாளில் அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல்கள் சில செட்டுகளைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்தபின் பணி செய்ய ஒப்புக்கொள்ளும் சேவை பான்ட் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் என்ன தொகை என்பதைக் கையெழுத்திடுமுன் பெற்றோரும் உடனிருந்து படிக்கட்டும். மூன்றாண்டு முடிந்து பட்டம் கைக்கு வந்ததும், அதைக் கூடுதல் தகுதியாக மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே பெயர்ப்பலகையில் எழுத வேண்டும்.