குன்னூர்க் குளிரில் ஃபைபர் பம்பர் ஒட்டிய அனுபவம்

குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவொன்றில் தடுப்புச் சுவரை உரசியதில், என் காருக்கெனத் தனியாகச் செய்வித்த ஃபைபர் கிளாஸ் பம்பர் ஓரத்திலிருந்து பிளந்துவிட்டது. விரிசல் மேலும் ஓடாதிருக்க அதன் நுனியில் சிறு துளையிட்டு, உட்புறத்தை 80 எண் உப்புத்தாளால் நன்கு தேய்த்து, அசிட்டோனால் துடைத்து உலரவிட்ட பின், பாலியெஸ்டர் ரெசின் என்னும் திரவப் பிசினில் நனைத்த கண்ணாடி இழை விரிப்பை (மேட்) அடுக்கடுக்காக உட்புறத்திலேயே ஒட்டினேன். வலிமை தருபவை இந்த அடுக்குகளே, மேடுபள்ளத்தை நிரப்ப வெளியே இழுக்கும் பட்டிப் பசை வெறும் ஒப்பனைதான். சுமார் 15 டிகிரிக்குக் கீழே ரெசின் சரிவர இறுகாது என்பதால், அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரை 2 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், சூட்டுக்காகக் குண்டு பல்பு ஒன்றைச் சற்றுத் தள்ளி எரியவிட்டேன். மூடுபனி இறங்கும் நாளில் இவ்வேலையைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. இறுகிய பின் பட்டி, வாட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் தாள்), பிரைமர், பெயிண்ட் எல்லாம் வழக்கம்போலவே.