கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாய் வளர்க்கப் போகிறீர்களா? ஊசியிலிருந்து லைசன்ஸ் வரை

எங்கள் பக்கத்தில் நாய்க்கு லைசன்ஸ் எடுக்கப் போனால் முதல் குழப்பமே ஒரு சொல்லில்தான் வரும். பஞ்சாயத்து ஆபீஸில் எனக்கு முன்னால் நின்ற பாட்டியிடம் "வீட்டில் பட்டியுண்டோ?" என்று கேட்டார்கள். "இருக்குதுங்க, அதுல ஆறு ஆடு கிடக்குது" என்றார் பாட்டி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நமக்கோ ஆட்டை அடைக்கிற இடம். இரண்டு பக்கமும் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் ஊர்களில் இருந்துகொண்டு முதல் முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குட்டி பெரும்பாலும் பொள்ளாச்சியிலிருந்து வரும். விதி மட்டும் கேரளத்து விதி. "அங்கே யாரும் கேட்கலையே" என்ற பேச்சு மாநில எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கம் செல்லாது.

எதற்கு லைசன்ஸ்?

கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகள், பன்றிக்கும் நாய்க்கும் லைசன்ஸ் வேண்டும் என்கின்றன. (இரண்டையும் ஒரே விதியில் கட்டிப்போட்டவர் யாரோ, நாய் வளர்க்காதவராகத்தான் இருக்க வேண்டும்.) ரொம்ப நாள் அது ஏட்டில் மட்டும் கிடந்தது. 2021இல் திருவனந்தபுரம் அடிமலத்துறை கடற்கரையில் புருனோ என்ற வளர்ப்பு நாயை அடித்துக் கொன்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. வளர்ப்பு விலங்குகளைப் பதிவு செய்ய வைக்கும்படி உள்ளாட்சிகளுக்குச் சொன்னதும் அந்த வழக்கில்தான். அதற்கப்புறம்தான் ஆபீஸ்களில் இதைக் கேட்கவே ஆரம்பித்தார்கள்.

முதல் படி: ஊசி

இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ரேபிஸ் (வெறிநாய் நோய்) ஊசி போட்ட சான்று இல்லாமல் லைசன்ஸ் கிடையாது. ஆக முதலில் ஊசி, பிறகுதான் காகிதம்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி. ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அப்புறம் வருடத்துக்கு ஒன்று. "செவன் இன் ஒன் போட்டாச்சே" என்று பலர் சொல்வார்கள். அது பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரியான நோய்களுக்கு. ரேபிஸ் என்று அட்டையில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

என் கதை இது. குட்டியை விற்றவரே ஒரு அட்டையும் கொடுத்தார், "எல்லாம் போட்டாச்சு தம்பி" என்றார். தேதி இருந்தது, டாக்டர் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இல்லை. ஆபீஸில் அட்டையை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கோபமாகத்தான் வந்தது, ஆனால் அவர்கள் செய்தது சரி. ரேபிஸ் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். பாலக்காட்டில் மார்ச் மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் யாரோ சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து போட்ட ஊசியை எதை நம்பி ஏற்பது?

மறுநாள் காலை மிருக ஆஸ்பத்திரிக்குப் போய் முதலிலிருந்து போட்டேன். நீங்கள் போகும்போது சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் நாயும் நிற்காது, நீங்களும் நிற்க மாட்டீர்கள். கயிறு போதாது, கழுத்துப் பட்டையும் சங்கிலியும் வேண்டும். வரிசையில் பக்கத்தில் ஒரு கிடாய் நிற்கும்போது இது புரியும். ஊசி முடிந்ததும் அட்டையில் ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அட்டையைப் போட்டோ எடுத்தும் வையுங்கள். எங்கள் வீட்டில் அசல் அட்டையை நாயே கடித்துவிட்டது.

இரண்டாம் படி: விண்ணப்பம்

கையில் வேண்டியவை: ஊசி அட்டை, ஆதார், வீட்டு நம்பர் தெரிய வரி ரசீது. நாயின் நிறம், வயது, ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். இனம் தெரியாவிட்டால் நாட்டு நாய் என்றே எழுதுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளும் கே-ஸ்மார்ட் என்ற கேரள உள்ளாட்சிகளின் ஆன்லைன் சேவைக்கு வந்துவிட்டன. போனில் தட்டத் தெரிந்தால் நீங்களே போடலாம். இல்லையென்றால் அரசின் ஆன்லைன் விண்ணப்பங்களைப் போட்டுத் தரும் அக்ஷயா சென்டரில் கொடுங்கள், பேர் எழுத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். தமிழ்ப் பெயர் மலையாளத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் வேறு ஆளாகிவிடும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடம் வைத்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும். மிருக ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீஸுக்கோ மனு எழுத நேர்ந்தால் தயங்காமல் தமிழில் எழுதுங்கள்.

லைசன்ஸ் வந்ததும் அது எந்தத் தேதி வரை என்று பார்த்து நாள்காட்டியில் குறியுங்கள். அடுத்த ஊசித் தேதியையும் பக்கத்திலேயே.

மூன்றாம் படி: தெருவும் சங்கிலியும்

லைசன்ஸ் இருக்கிறது என்பதற்காக நாயை அவிழ்த்துவிட முடியாது. வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விடிகாலையில் பால் சொசைட்டிக்கு சைக்கிளில் போகிறவரை உங்கள் நாய் துரத்தி, அவர் கேனோடு விழுந்தால் அது "விளையாட்டு" ஆகாது.

அதற்காக முழு நாளும் ஒரு முழச் சங்கிலியில் கட்டிவைப்பதும் குற்றம்தான். 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் அதைத் தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி கட்டி, அதில் சங்கிலி ஓடும்படி மாட்டிவிடுங்கள். எங்கள் ஊரில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

பூனை, கிளி, ஆமை

பூனைக்கும் ரேபிஸ் வரும். "பூனை கீறினால் ஒன்றுமில்லை" என்று சொல்பவரை நம்பாதீர்கள், வளர்க்கும் பூனைக்கும் ஊசி போடுங்கள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது. அதிர்ஷ்டம் என்று சிலர் வைத்திருக்கும் நட்சத்திர ஆமையும் அப்படியே. தோட்டத்தில் மயில்குஞ்சு கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டு வராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடையில் லவ்பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜெரிகர் என்ற சின்னப் பறவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தெரு நாய்கள்

பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டுத் திரும்பப் பிடித்த இடத்திலேயே விடுவது என்பதுதான் 2023ஆம் வருடத்து விலங்குக் கருத்தடை விதிகளின் வழி. பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள். சாக்கில் கட்டி அடுத்த ஊரில் கொண்டுபோய் விடுவது தீர்வல்ல, அடுத்த ஊர்க்காரரும் அதே சாக்கோடுதான் வருவார். விஷம் வைப்பது நேரே போலீஸ் கேஸ். உங்கள் வீட்டு நாய் வேண்டாத குட்டி போட்டுத் தெருவில் சேராதபடி அதற்கும் கருத்தடை செய்துவிடுங்கள்.

கடித்துவிட்டால்

சொந்த நாயோ தெரு நாயோ, முதலில் குழாயடிக்குப் போய் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அப்புறம் உடனே அரசு ஆஸ்பத்திரி. கையில் போடும் ஊசி முதல் நாள், பிறகு அன்றிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து. வலி குறைந்ததென்று நடுவில் நிறுத்தக் கூடாது. ரத்தம் வந்த காயத்துக்குக் கடித்த இடத்திலேயே சீரம் என்ற ரேபிஸ் எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். அது எல்லா இடத்திலும் இருக்காது, கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டிவைத்து, தள்ளியிருந்தே சோறும் தண்ணீரும் வைத்து 10 நாள் பாருங்கள். இடையில் அது செத்தாலோ, தொண்டை இறுகி எச்சில் வடிந்தாலோ, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது நன்றாக இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு மாமா அல்ல.